தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வருமா?

ஆண்டுதோறும் இப்பல்கலைக்கழகத்திற்கு வந்து சேரும் புதிய தமிழ் மாணவர்களுக்கு நம்மில் மூத்தவர் சிலர் தவறாமல் வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு. "தம்பி, தமிழில் நினைப்பதை விட்டுவிடு. ஆங்கிலத்திலேயே நினை. அப்போதுதான் அது வரும்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைப்பதற்குப் போதிய ஆங்கிலம் இல்லாதவனிடம் ஆங்கிலத்தில் நினை என்பது, நீந்தத் தெரியாதவனை நடு ஆற்றில் இறங்கிப் பழகு என்பதற்கு ஒப்பாகும். விளைவு என்ன? தமிழ்வழியில் பயின்று முதல் மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளை, கருத்தரங்கில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறான். விடை தெரியும், வாக்கியம் வரவில்லை.

எந்த இடத்தில் அவனுடைய வாக்கியம் ஒடிகிறது என்று கூர்ந்து கேளுங்கள். பல வேளைகளில் அது ஒரு பெயரை விளக்க வேண்டிய இடமாக இருக்கும். நான் படித்த பள்ளி, நேற்று வந்த பேராசிரியர், நாம் பயன்படுத்திய கருவி என்று தமிழில் தடையின்றி வருவது, ஆங்கிலத்தில் தொண்டையில் நிற்கிறது. "தி ஸ்கூல் ஐ ஸ்டடீட்" என்கிறான். பக்கத்தில் இருப்பவர் புன்னகை செய்கிறார். அல்லது பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கண நூல் நினைவுக்கு வந்து, "தி ஸ்கூல் இன் விச் ஐ ஸ்டடீட்" என்கிறான். இது பிழையன்று. ஆயினும் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு இப்படிப் பேசினால், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போலிருக்கும். அன்றாட ஆங்கிலத்தில் "தி ஸ்கூல் ஐ வென்ட் டு" என்பார்கள். ஹூவும் இல்லை, விச்சும் இல்லை. கடைசியில் ஒரு சிறு "டு" மட்டும் வால் போல் நிற்கிறது.

அந்த வால் நமக்கு ஏன் விட்டுப் போகிறது? அறிவுக் குறைவினால் அன்று, நம் இலக்கணத்தினால். பவணந்தி முனிவர் நன்னூலில் பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். வந்த பையன், பழம் வெட்டிய கத்தி, இருந்த வீடு, ஆடிய ஆட்டம், வந்த நாள், எழுதிய கடிதம். ஆறுக்கும் வடிவம் ஒன்றே. கத்தி"யால்" வெட்டினோம், வீட்"டில்" இருந்தோம் என்ற வேற்றுமை உருபைப் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. கேட்பவர் பொருளறிந்து தாமே நிரப்பிக்கொள்கிறார். இது தமிழின் சிக்கனம். ஆங்கிலம் அந்த உருபை விழுங்குவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆறையும் வரிசையாக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். செய்பொருள்: "தி லெட்டர் ஐ ரோட்". காலம்: "தி டே ஐ கேம்". செயல்: "தி டான்ஸ் ஷி டான்ஸ்ட்". இம்மூன்றிலும் இணைப்புச் சொல்லும் வேண்டா, வாலும் வேண்டா. பெயரை முன்னே வைத்து விளக்கத்தைப் பின்னே வைத்தால் நம் பெயரெச்சமே ஆங்கிலமாகிவிடுகிறது! கருவிக்கும் நிலத்துக்கும் வால் வேண்டும்: "தி நைஃப் ஐ கட் தி ஃப்ரூட் வித்", "தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்". எஞ்சியது செய்பவன். அங்கே மட்டும் ஹூ அல்லது தட் கட்டாயம்: "தி பாய் ஹூ கேம்". அதை விட்டுவிட்டு "தி பாய் கேம்" என்றால், பையன் வந்தான் என்று வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். பல பக்கங்களில் விதியும் விலக்குமாகப் படித்ததில் பெரும்பகுதி இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவனைப் போய்த் தமிழை மறந்துவிடு என்கிறோம்.

வால் வெறும் அலங்காரமும் அன்று. "நான் சொன்ன ஆள்" என்று தமிழில் கூறினால், நான் செய்தி சொன்னது அவரிடமா, அவரைப் பற்றியா? இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆங்கிலத்தில் "தி மேன் ஐ டோல்ட்" ஒருவர். "தி மேன் ஐ டோல்ட் யூ அபௌட்" வேறொருவர். வாலை விட்டால் ஆளே மாறிவிடுகிறார்.

இடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கலாகாது என்று பள்ளியில் பிரம்போடு சொல்லித் தந்தார்களே என்பீர்கள். அந்தத் தடைக்கு வயது அதிகம். 1672-இல் கவிஞர் டிரைடன், பென் ஜான்சனின் நடையில் இதனை ஒரு குறையாக எடுத்துக் காட்டினார். பின்வந்த பள்ளி இலக்கணங்கள் அதைச் சட்டமாக்கின. 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் அதை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினார். ஆங்கிலேயர் கைவிட்ட மூடநம்பிக்கையை நாம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். "சென்னையில் இருக்கும் என் தம்பி" என்றால் எனக்கு ஒரே தம்பியா, பல தம்பியரா என்பது அச்சொற்றொடரில் இல்லை. ஆங்கிலத்தில் அது ஒரு காற்புள்ளியில் இருக்கிறது. "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் சென்னை," என்று நிறுத்தி எழுதினால், தம்பி ஒருவன். சென்னை என்பது கூடுதல் செய்தி. நிறுத்தாமல் எழுதினால், பல தம்பியருள் சென்னையில் இருப்பவன் என்று பொருள்படும். குடும்பச் செய்தியில் இதனால் குடி முழுகிவிடாது. சோதனைச்சாலையில் அப்படியன்று. "தி பாட்டில்ஸ் தட் ஹேவ் நோ லேபல்" என்று தொடங்கி, அவற்றை அப்புறப்படுத்துக என எழுதினால், பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகள் மட்டும் போகும். "தி பாட்டில்ஸ், விச் ஹேவ் நோ லேபல்," என்று எழுதினாலோ, எல்லாப் புட்டிகளும் போகவேண்டும். அவற்றில் ஒன்றுக்கும் சீட்டு இல்லை என்பது உடன் சொன்ன செய்தி. காற்புள்ளியோடு வரும் இவ்விளக்கத்தில் தட் வாராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சில் காற்புள்ளியின் வேலையைச் செய்வது ஒரு சிறு நிறுத்தம். நம்மவர் பலர் மூச்சு விடாமல் பேசுவதால் இது இருமடங்கு முக்கியம்!

விளக்கம் பின்னே வருவதைக் கண்டு அஞ்ச வேண்டியதுமில்லை. தமிழில் நாம் விளக்கத்தையெல்லாம் கூறிவிட்டுப் பெயருக்கு வருகிறோம். அப்பழக்கத்தில் ஆங்கிலத்திலும் முழு விளக்கத்தையும் மனத்தில் அடுக்கி முடிக்கும்வரை மௌனமாக நிற்கிறோம். அதற்குள் பேச்சு வேறிடம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லிவிடலாம். "தி கர்வ்" என்று சொன்னவுடனேயே அவையினர் கண் வரைபடத்திற்குப் போய்விடும். மேலே சொல்வதை யோசித்துச் சொல்ல நேரம் கிடைக்கிறது.

டில்லியிலும் மும்பையிலும் வளர்ந்த நம் நண்பர்கள் சிலர், பெயரெச்சம் என்ற சொல்லையே கேட்டதில்லை என்பார்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன, வீட்டில் அம்மாவிடம் "நேத்து வாங்கின சட்டை எங்கே?" என்று கேட்டவர்கள்தாமே அவர்களும். அவர்களுடைய ஆங்கிலம் நம்முடையதைவிடச் சரளமானது. ஆகையால் சொல்லித் தரும் பணியில் அவர்களே முன்னிற்க வேண்டும்.

வரும் பருவத்தில் புதுமுக மாணவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தச் சங்கம் முன்வருமானால், என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் நாள் கரும்பலகையில் அந்த ஆறு தமிழ்த் தொடர்களை எழுதுங்கள். மாணவர்களே அவற்றை ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கட்டும். வால் எங்கே வேண்டும் என்று அவர்களே தேடட்டும். இரண்டாம் நாளைக் காற்புள்ளிக்கு ஒதுக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் சுண்ணக்கட்டி பிடிக்க நான் வருகிறேன்.