பாட்டை விடுங்க, குடிதண்ணியைக் கட்டாயமாக்குங்க

1/ போன வாரம் ஓ.பி.ல ஒரு அம்மா. மகனுக்கு 20 வயசு, ஓ.எம்.ஆர் பக்கம் காலேஜ். போன்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டினாங்க. "டாக்டர், இவன் ராத்திரி பூரா இதத்தான் கேக்குறான். இது போதைப் பாட்டுன்னு ஃபேமிலி குரூப்ல வந்துச்சு. பிளட் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?" பேண்ட் பேரு ஷ்பாங்கிள்.

2/ எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஃபார்வர்ட்ல பாதி உண்மை, பாதி பொய். இந்தப் பாதிப் பொய்யாலதான் ஈ.சி.ஆர் பக்கம் பசங்க சாகிறாங்கன்னு நான் நம்புறேன். கொஞ்சம் நீளமான இழை. பெத்தவங்க, பார்ட்டிக்குப் போற பசங்க, ரிசார்ட் நடத்துறவங்க மூணு பேரும் படிங்க. மூணு பேருக்குமே கோபம் வரும்.

3/ முதல்ல இவங்க யாரு? சைமன் போஸ்ஃபோர்ட்னு ஒரு ஆங்கிலேயர், ராஜா ராம்னு ஒரு புல்லாங்குழல்காரர். பேரைப் பாத்து நம்ம ஊர்க்காரர்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரர். 1969-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் தொடங்கின குவின்டசென்ஸ் குழுவில் வாசிச்சவர். பஜனையும் ராக்கும் கலந்த குழு அது.

4/ போஸ்ஃபோர்ட் இன்னொரு பக்கம் ஹாலுசினோஜென் என்ற பேரில் 1995-ல் 'ட்விஸ்டட்' ஆல்பம் போட்டார். கோவா கடற்கரையில் வளர்ந்து உலகம் சுத்தின டிரான்ஸ் இசையில் அது பெரிய பேரு. ரெண்டு பேரும் சேர்ந்ததுதான் ஷ்பாங்கிள். முதல் ஆல்பம் 1998. இந்தியாவில் சூரிய கிரகணம் பார்த்த அனுபவம்தான் அதோட விதைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

5/ அப்புறம் 2001, 2005, 2009, 2013, 2017-னு ஆல்பங்கள். 2014-ல் அமெரிக்காவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் முழு வாத்தியக் குழுவோட கச்சேரி. கால் நூற்றாண்டு உழைப்பு. புல்லாங்குழல், கிட்டார், சித்தார், சிந்தசைஸர் எல்லாம் அதுல இருக்கு. நல்லா பண்ணியிருக்காங்க. நைட் டூட்டி முடிச்சு செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா திரும்பும்போது நானே கேட்டிருக்கேன். உள்ள போயிருந்தது ஒரு டீ மட்டும்தான்.

6/ இப்ப பாதி உண்மை. முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டோட தலைப்புல மூணு முதலெழுத்தைச் சேர்த்தா டி.எம்.டி. அது ஒரு போதைப்பொருளோட பேரு. ஹாலுசினோஜென் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குத் தலைப்பே எல்.எஸ்.டி. யாரும் மறைக்கல. கண்ணடிச்சுக்கிட்டேதான் வித்தாங்க. இதுல அவங்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தலைப்பு வச்சவர் லண்டன்ல இருப்பார். நாக்குல ஸ்டாம்ப் வச்ச பையனைத் தூக்கிட்டு ஓடுறது நாங்க.

7/ ஆனா பாட்டு கேட்டா போதை ஏறும், பாட்டு ஆளைக் கொல்லும் என்பது சுத்தப் பொய். தாளம் கேட்டு ஒருத்தருக்கும் காய்ச்சல் 108 டிகிரி போகாது. அந்த அம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன்: "டெஸ்ட் வேணாம்மா. பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டு நீங்களும் கேளுங்க. பேச்சு தானா வரும்."

8/ அப்ப எது கொல்லுது? எம்.டி.எம்.ஏ மாத்திரை உடம்போட வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்குது. களைப்பு தெரியாது. மணிக்கணக்கா ஆடுவான். நம்ம கடற்கரையில மே மாசம் ராத்திரி 11 மணிக்கும் புழுக்கம். வேர்வை வரும், ஆனா காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. சூடு ஏறிக்கிட்டே போகும். தசை உடையும், கிட்னி நிக்கும், ரத்தம் உறையுற முறையே கெட்டுப் போகும்.

9/ இதுக்கு நேர் எதிரான சாவும் உண்டு. "தண்ணி குடி, தண்ணி குடி"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு லிட்டர் லிட்டரா குடிக்கிறது. இந்த மாத்திரை உடம்பைச் சிறுநீர் வெளியேத்த விடாது. ரத்தத்துல சோடியம் இறங்கி மூளை வீங்கிடும். 1995-ல் இங்கிலாந்துல ஒரு 18 வயசுப் பொண்ணு இப்படித்தான் செத்தா. மாத்திரை போட்டது பார்ட்டி ஹால்ல இல்லை, சொந்த வீட்டுல, தன் பிறந்தநாள் பார்ட்டியில.

10/ மூணாவது, கலப்படம். எல்.எஸ்.டின்னு விக்கிற ஸ்டாம்ப்ல என்பாம் வகை ரசாயனம் இருக்கலாம். அதுல வலிப்பு வந்து இறந்தவங்க உண்டு. எம்.டி.எம்.ஏன்னு விக்கிற மாத்திரை பி.எம்.ஏவா இருக்கலாம். அது மெதுவா ஏறும். "ஒண்ணும் ஆகலையே"ன்னு இன்னொண்ணு போடுவான். அங்கதான் முடிஞ்சது. மனச்சோர்வு மாத்திரை, டிரமடால் எடுக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

11/ நாலாவதுதான் நான் சொல்ல வந்தது. பயம். ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாம விவரங்களை மாத்தியிருக்கேன். பல வருஷம் முன்னாடி, விடியக்காலை நாலு மணி. கேஷுவால்டி வாசல்ல ஒரு கார் நின்னுச்சு. ஒரு பையனை ஸ்ட்ரெச்சர்ல போட்டுட்டு கூட வந்தவங்க கிளம்பிட்டாங்க. பேரு தெரியாது. என்ன எடுத்தான்னு தெரியாது.

12/ தொட்டா கை சுடுது. டெம்பரேச்சர் 42 செல்சியஸ் பக்கம். உடம்பு விறைச்சுக் கிடக்கு. ஐஸ், ஃபேன், டிரிப்ஸ், வலிப்பு நிக்க ஊசி, டியூப் எல்லாம் போட்டோம். ரெண்டு நாள் கழிச்சு இறந்துட்டான்.

13/ மூணாவது நாள் கூட வந்தவன் ஒருத்தன் தனியா வந்தான். ரூம்லயே ரெண்டு மணி நேரம் வச்சிருந்தாங்களாம். எலுமிச்சை ஜூஸ் ஊத்தினாங்களாம். 108-க்கு போன் பண்ணா போலீஸ் வரும், காலேஜ்ல டிஸ்மிஸ் பண்ணுவாங்க, அப்பாவுக்குத் தெரியும். அந்த ரெண்டு மணி நேரமும் இதையேதான் பேசிக்கிட்டிருந்தாங்களாம். "அப்பவே வந்திருந்தா பொழைச்சிருப்பானா சார்?" பொய் சொல்ல மனசு வரல. "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்"னு சொன்னேன்.

14/ அவனைத் திட்டுறது சுலபம். ஆனா அவன் பயந்தது தப்பான கணக்கா? 2019 மே மாசம் மாமல்லபுரம் பக்கத்துல பட்டிபுலத்தில் ஒரு ரிசார்ட் பார்ட்டியில 150 பேருக்கு மேல போலீஸ் பிடிச்சாங்க. டிவியில வரிசையா உக்கார வச்சுக் காட்டினாங்க. அதைப் பாத்து வளர்ந்த பசங்க என்ன கத்துக்கிட்டாங்க? போதை தப்புன்னா? இல்லை. மாட்டக்கூடாதுன்னு.

15/ 2022 மே மாசம் சென்னையில ஒரு மாலில் வெளிநாட்டு சைட்ரான்ஸ் டி.ஜே நிகழ்ச்சிக்குப் போன இளைஞர் ஒருத்தர் மயங்கி விழுந்து இறந்தார். காரணத்தை நான் ஊகிக்கப் போறதில்லை. மறுநாள் விவாதம் எதைப் பத்தி? மது உரிமம் இருந்துதா, கலாச்சாரம் கெட்டுப் போச்சா. அங்க ஆம்புலன்ஸ் நின்னுதா, விழுந்தவரை எத்தனை நிமிஷத்துல பாத்தாங்கன்னு கேட்டவங்க எத்தனை பேரு?

16/ இந்த முட்டாள்தனத்தை பிரிட்டன் நமக்கு முன்னாடியே செஞ்சு பாத்துடுச்சு. 1994-ல் ஒரு சட்டம் போட்டாங்க. ராத்திரி திறந்தவெளிக் கூட்டத்தைக் கலைக்க போலீஸுக்கு அதிகாரம். அதுல இசைன்னா என்னன்னு விளக்கம் வேற: திரும்பத் திரும்ப வர்ற தாளமும் அதுல அடக்கமாம். தாளத்துக்கே சட்டம்!

17/ என்ன ஆச்சு? அடுத்த வருஷமே 'ட்விஸ்டட்' வந்துச்சு. நாலு வருஷத்துல ஷ்பாங்கிள் வந்துச்சு. அந்த 18 வயசுப் பொண்ணும் 1995-ல்தான் செத்தா. தாளத்தைப் பிடிச்சதால எந்த உயிரும் மிஞ்சல. 2010-ல்தான் இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் மது விக்கிற இடத்துல கேட்டா இலவசமா குழாய்த் தண்ணி தரணும்னு கட்டாயமாக்கினாங்க. இடையில 16 வருஷம். நாம இன்னும் 1994-லயே நிக்கிறோம்.

18/ நம்ம சட்டத்துக்கு வாங்க. ரோட்டுல அடிபட்டவரைத் தூக்கிட்டு வர்றவருக்குப் பாதுகாப்பு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தம், பிரிவு 134ஏ. சாலை விபத்துக்கு மட்டும். போதைப்பொருள் சட்டத்துல 64ஏ இருக்கு. அது தானா சிகிச்சைக்கு வர்ற அடிமை நோயாளிக்கு. மயங்கிக் கிடக்கிற நண்பனுக்காக 108-ஐக் கூப்பிடுற 20 வயசுப் பையனுக்கு? நேரடியா ஒரு வரி கூட இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள்ல இதுக்குத் தனிச் சட்டமே இருக்கு.

19/ "இப்படிப் பாதுகாப்பு கொடுத்தா போதை பெருகாதா?"ன்னு கேப்பீங்க. போன் பண்ணா ஜெயில் இல்லைன்னு தெரிஞ்சதும் யாரும் மாத்திரை போட ஆரம்பிக்க மாட்டான். விக்கிறவனை விடச் சொல்லல. அவனைப் பிடிங்க, தாராளமா. கூப்பிட்டவனை விடுங்க.

20/ இப்ப ரசிகர்களுக்கு. "இது நம்ம பாரம்பரியம், சிவன் சொத்து, சித்தர் மூலிகை"ன்னு டீ-ஷர்ட் போட்டுட்டு என்கிட்ட வராதீங்க. எம்.டி.எம்.ஏ 1912-ல் ஜெர்மனி மெர்க் கம்பெனியோடது. எல்.எஸ்.டி 1938-ல் சுவிட்சர்லாந்து ஆய்வகத்தில் ஹாஃப்மன் செஞ்சது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல சிவனும் பள்ளிகொண்ட பெருமாளும் சுமார் 1300 வருஷமா இருக்காங்க. ஸ்டாம்ப் எதுவும் தேவைப்படல.

21/ பாதுகாப்பான போதைன்னு ஒண்ணு கிடையாது. எடுக்காதீங்க. எடுத்துட்டு கடல்ல இறங்கவே இறங்காதீங்க. ஆனா கண் முன்னாடி ஒருத்தன் விழுந்தா என்ன செய்யணும்னு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. அடுத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

22/ ஆபத்து அறிகுறி: உடம்பு கொதிக்குது, சம்பந்தமில்லாம பேசுறான், விறைக்கிறான், வலிப்பு, எழுப்பினா எழல. உடனே 108. துணியைத் தளர்த்தி, தண்ணி தெளிச்சு, விசிறுங்க. அக்குள், தொடை இடுக்குல ஐஸ். மயக்கத்துல இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாய் வழியா எதுவும் வேணாம். எலுமிச்சை, மோர், புளித்தண்ணி எதுவும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

23/ கூடவே வாங்க. என்ன எடுத்தான், எப்ப, எத்தனைன்னு சொல்லுங்க. மிச்சம் இருந்தா கொண்டு வாங்க. உண்மையைச் சொல்லிடுறேன்: விஷம் மாதிரி கேஸ்னா நாங்க எம்.எல்.சி போடணும், போலீஸுக்குத் தகவல் போகும். அதை மறைச்சு உங்களை வரவழைக்க மாட்டேன். அதனாலதான் சட்டம் மாறணும்னு கத்துறேன். அது மாறுற வரைக்கும், கேஸை வக்கீல் பாத்துக்கலாம். செத்தவனை யாரும் பாத்துக்க முடியாது.

24/ என் கோரிக்கை மூணு. ஒண்ணு, உதவிக்குக் கூப்பிட்டவர் மேலயும் பாதிக்கப்பட்டவர் மேலயும் உட்கொண்டதுக்கான வழக்கு இல்லைன்னு சட்டத்துல எழுதுங்க. ரெண்டு, ஈ.சி.ஆர்ல ராத்திரி நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது இலவசக் குடிதண்ணி, உப்புச் சர்க்கரைக் கரைசல், குளிர்ந்த ஓய்வறை, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர், ஆம்புலன்ஸ் வர வழி. இல்லைன்னா அனுமதி இல்லை.

25/ ஒரு பாட்டில் தண்ணியை 150 ரூபாய்க்கு வித்துட்டு, ஒருத்தன் விழுந்ததும் பின்கேட் வழியா வெளிய தள்ளுற ஆளுங்களும் இருக்காங்க. ரெய்டு போறப்ப முதல்ல அவங்க மேல கேஸ் போடுங்க.

26/ மூணாவது, பெத்தவங்களுக்கு. இன்னைக்கு ராத்திரி பிள்ளைகிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க: "உனக்கோ உன் ஃப்ரெண்டுக்கோ ஏதாவது ஆச்சுன்னா, எந்த நேரமா இருந்தாலும் எனக்கு போன் பண்ணு. அப்ப திட்ட மாட்டேன்." சொன்னதைக் காப்பாத்துங்க. அந்த அம்மாகிட்ட கடைசியா இதத்தான் சொல்லி அனுப்பினேன்.

27/ பையன் ஷ்பாங்கிள் கேக்கட்டும். அவன் எந்தப் பாட்டு கேக்குறான்னு உங்களுக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. நண்பன் விழுந்தா கூப்பிட வேண்டிய நம்பர் அவனுக்குத் தெரியணும், கூப்பிட தைரியம் இருக்கணும். 108. பகிருங்க.