20 நிமிடம் கொடுப்போமே!

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். கிட்டார், டிரம்ஸ் வைத்து ஒரு குழு நடத்துகிறார்களாம். மேடையில் 20 நிமிடம் வேண்டும். தாங்களே எழுதிய இரண்டு தமிழ்ப் பாட்டுகளைப் பாடுவோம் என்று கேட்டிருந்தார்கள். "வெறும் இரைச்சல்" என்றார் ஒருவர். "நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்றார் இன்னொருவர். மனு தள்ளுபடி! அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள் என் மகள் என்பதை அங்கே நான் வாய் திறந்து சொல்லவில்லை.

சில மாதங்களுக்குப் பின் பாந்த்ராவில் ஒரு மைதானத்தில் ஃபங்க், ராக், ரெகே என்று மூன்று குழுக்களின் கச்சேரி. "ராத்திரியில் தனியாக வர வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள்" என்று வீட்டில் உத்தரவு. காதில் வைக்கப் பஞ்சு வாங்கிக்கொண்டு செம்பூரிலிருந்து புறப்பட்டேன். 1986-இல் தோபி தலாவ் ரங் பவனில் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஊரில் இத்தகைய கச்சேரிகள் நடக்கின்றன. அந்தப் பக்கம் போனால் நடையை வேகப்படுத்துகிறவனாகத்தான் இத்தனை வருடமும் இருந்தேன்.

முதலில் ஃபங்க். சத்தம் நெஞ்சில் இடித்தது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டது. "அப்பா, தாளம் போடறீங்க!" என்று மகள் சிரித்தாள். ஆறு வருடம் பாட்டு கற்றவள் ஆயிற்றே, எனக்குப் புரிகிற பாஷையிலேயே விளக்கினாள். "இவங்களுக்குச் சமம்தான்பா முக்கியம். ஒண்ணாவது அடியில எல்லாரும் சேர்ந்து விழணும். ஜேம்ஸ் பிரவுன் ஏற்படுத்தின வழி இது." அடுத்து வந்த ராக் குழுவில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். கடைசியாக ரெகே. அதில் 'ஒன் டிராப்' என்று ஒரு நடை உண்டு. முதல் அடியை டிரம்ஸ் காலியாக விட்டுவிடுகிறது. மூன்றாவதில்தான் கனம் விழுகிறது. நம் வித்வான்கள் சமத்தில் கை தட்டிவிட்டு, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிப் பாட்டை எடுக்கிறார்களே, அந்தக் காத்திருத்தலின் சுகம் இதிலும் இருந்தது. ஜமைக்காவின் ஏழை எளியவர்களிடம் பிறந்த இந்த இசையை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நான் அதை 'இரைச்சல்' பட்டியலில் சேர்த்திருந்தேன்!

பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை. சரியாகப் பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படி. நம் விழாக்களில் மணி பத்தாகும்போதுதான் சிறப்பு விருந்தினரே பேச எழுந்திருப்பார்.

பண்பாடு கெடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுசாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றுக்கொண்டார். மாண்டலின் ஸ்ரீநிவாஸையும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தையும் நாம் தலையில் வைத்துக் கொண்டாடினோம். நம் தாராவியிலிருந்தே கிளம்பிய 'டோபடெலிக்ஸ்' ராப் குழுவின் குரல் 2018-இல் 'காலா' படத்தில் ஒலித்தது. வாத்தியம் எங்கிருந்தும் வரட்டும், அதில் நம் பிள்ளைகள் எந்த மொழியில் பாடுகிறார்கள் என்பதல்லவா கேள்வி?

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலம். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். "பசங்க சங்கத்துப் பக்கமே வருவதில்லை" என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் புலம்புகிறோம். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நாம்தான். கேட்டுப் பெறாமல் அவர்களே தமிழில் எழுதிய பாட்டுகள் அவை. அந்தத் தாளை நாங்கள் யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தத்தைப் பற்றிய கவலை நியாயமானது, நானும் மறுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்கு நேரம் ஒதுக்கலாம். ஒலியின் அளவை முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். பாட்டு வரிகளைச் செயற்குழு முதலில் படித்துப் பார்க்கட்டும். பரதநாட்டியமும் பட்டிமன்றமும் எங்கும் போய்விடாது.

வீடு திரும்பும் ரயிலில், "இந்த வருஷமும் மனு கொடுப்பீங்களா?" என்று மகளிடம் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்ற ஆண்டு தூக்கிய கையை இந்தக் கட்டுரையின் மூலம் இறக்கிக்கொள்கிறேன். இந்த முறை அவர்கள் மனு கொடுக்கும்வரை காத்திராமல் நாமே கூப்பிட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அந்த 20 நிமிடத்துக்கு இடம் வேண்டுமானால், வரவேற்புரையைச் சற்றே சுருக்கிக்கொள்வோம்!