வரி கேட்கும் வாக்குச்சீட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நகரம் தன் தெருக்களில் ஓடும் பஸ்களைப் பெருக்கவோ, புதிதாக ஒரு ரயில் பாதை அமைக்கவோ விரும்புமானால், அதற்கு வேண்டிய பொருளைப் பெரும்பாலும் தன் பிரஜைகளிடமே நேராகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. ஜனாதிபதியையும் மேயரையும் தேர்ந்தெடுக்கும் அதே வாக்குச்சீட்டில், அபேட்சகர்களின் பெயர்கள் முடிந்த இடத்துக்குக் கீழே, கடையில் வாங்கும் சாமான்களுக்கு டாலர் ஒன்றுக்கு அரை சென்ட் அல்லது ஒரு சென்ட் வீதம் கூடுதலாக விற்பனை வரி விதித்து, அந்த வருமானத்தை இன்ன காரியங்களுக்கு இத்தனை ஆண்டுகள் செலவிடுவதற்குச் சம்மதமா என்ற வினா அச்சிடப்பட்டிருக்கும். வாக்காளர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ குறித்துவிட்டு வருகிறார். வரி என்பது சட்டசபையில் நிறைவேறிக் கெஜட்டில் வெளியான பிறகே தெரியவரும் ஒரு சங்கதி என்ற வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இந்த முறை ஆச்சரியத்தையும் ஓரளவு பொறாமையையும் உண்டாக்கக்கூடும்.

ஒரு சமூகம் தன் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எவ்வளவு கொடுக்கச் சித்தமாயிருக்கிறது என்பதை அந்தச் சமூகத்தையே கேட்டு அறிவது ஜனநாயகத்தின் உயர்ந்த லட்சணங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறுபது ஆண்டுக் காலமாக அந்நாட்டில் நடந்துவரும் இந்த வாக்கெடுப்புகளின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் படிப்பவருக்கு வேறோர் உண்மையும் புலனாகாமற் போகாது: எத்தனை பேர் சம்மதித்தால் சம்மதமாகும், யார் யாரைச் சேர்த்து எண்ணுவது என்னும் இரண்டு விதிகளும், வாக்காளர் சாவடிக்குப் புறப்படுமுன்னரே, முடிவை வெகுவாக நிர்ணயித்துவிடுகின்றன. ஜனங்கள் மறுத்தார்கள் என்று ஏடுகளில் பதிவான பல சந்தர்ப்பங்களில் ஜனங்கள் மறுக்கவே இல்லை.

சியாட்டிலின் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் உள்ளடக்கிய கிங் ஜில்லாவின் வாக்காளர் முன், விளையாட்டரங்கம், பூங்காக்கள், ரயில் போக்குவரத்து முதலிய பல காரியங்களுக்குக் கடன்பத்திரம் வெளியிட அனுமதி கோரும் பிரேரணைகள் ஒரே நாளில் வைக்கப்பட்டன. கடனைச் சொத்துவரியிலிருந்து தீர்க்க வேண்டியிருந்தபடியால் நூற்றுக்கு 60 பேரின் சம்மதம் அவசியம் என்பது வாஷிங்டன் மாகாணத்தின் விதி. விளையாட்டரங்கம் அந்த எல்லையைத் தாண்டிற்று, பூங்காக்களும் தாண்டின, ரயிலுக்கு 50.8 சதவிகிதம் கிடைத்தது. பாதிக்கு மேற்பட்டோர் வேண்டும் என்று சொல்லியும் ரயில் வரவில்லை. 1970இல் மறுபடியும் கேட்டபோது போயிங் விமானத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்த காலம். அப்போது பாதிப் பேர்கூடச் சம்மதிக்கவில்லை. செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்பதாக இருந்த மத்திய சர்க்காரின் நிதி, தேசத்தின் மற்றொரு மூலையில் இருந்த அட்லாண்டாவைச் சென்றடைந்தது. சியாட்டிலில் முதல் இலகு ரயில் ஓடத் தொடங்கியது 2009ஆம் ஆண்டு ஜூலையில். 1968 வாக்கெடுப்பன்று பிறந்த குழந்தை நாற்பது வயதைக் கடந்த பிறகுதான், அன்றைய பெரும்பான்மையோர் கேட்டது கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 'பார்ட்' என்று இன்று அழைக்கப்படும் துரித ரயிலுக்காக 1962 நவம்பரில் 79.2 கோடி டாலர் கடன் கேட்கப்பட்டது. அங்கும் 60 சதவிகிதமே விதி; கிடைத்தது 61.2. ஆனால் சான் பிரான்சிஸ்கோ, அலமேடா, கான்ட்ரா காஸ்டா என்னும் மூன்று ஜில்லாக்களின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணியதனால்தான் அந்த விகிதம் வந்தது. கான்ட்ரா காஸ்டாவைத் தனியே எண்ணியிருந்தால் அந்த ஜில்லா 60ஐ எட்டியிராது. இன்று அந்த ஜில்லாவிலிருந்து காலைதோறும் வளைகுடாவைக் கடந்து வேலைக்குச் செல்வோருக்கு ரயில் இருப்பது, யாரோ ஒருவர் கூட்டிக் கழிக்கும் முறையைச் சரியாக வகுத்துவைத்ததன் பலன். 1961இலேயே திட்டத்திலிருந்து விலகிக்கொண்ட சான் மட்டேயோ ஜில்லாவுக்கோ அந்தப் பாக்கியம் அன்று கிடைக்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1978இல் கலிபோர்னியாவின் வாக்காளர் சொத்துவரியைக் கட்டுப்படுத்தும் 13ஆம் பிரேரணையை நிறைவேற்றியபோது, குறிப்பிட்ட காரியத்துக்கென ஸ்தல ஸ்தாபனங்கள் விதிக்கும் வரிகளுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்ற ஷரத்தும் அதனுள் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவின் போக்குவரத்துக் கமிஷன் அரை சென்ட் வரி கேட்டு 'ஏ' பிரேரணையை வைத்தது. 54 சதவிகிதத்தினர் ஆதரித்தனர். கேட்ட கமிஷனுக்குச் சொத்துவரி விதிக்கும் அதிகாரமே இல்லையாதலால் அந்த ஷரத்து அதைக் கட்டுப்படுத்தாது என்று 1982இல் மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திராவிட்டால், இன்று அந்நகரில் ஓடும் ரயில்களுக்கு அஸ்திவாரமே இருந்திராது. பின்னால் வந்த தீர்ப்புகளும், 1996இல் நிறைவேறிய 218ஆம் பிரேரணையும் அந்த வாயிலை அடைத்துவிட்டன. 2008இல் 'ஆர்' பிரேரணை மூன்றில் இரு பங்கை மயிரிழையில் தாண்டி வென்றது. அந்த வரியை மேலும் முப்பது ஆண்டுகள் நீட்டிக்கக் கோரி 2012இல் வந்த 'ஜே' பிரேரணைக்கு 66.1 சதவிகிதம் கிடைத்தது. ஆகவே அது தோற்றது! நூறு பேரில் அறுபத்தாறு பேர் ஒரு காரியத்தை வேண்ட, முப்பத்து நான்கு பேர் வேண்டாமென்று சொல்ல, அந்த முப்பத்து நான்கு பேரின் சித்தமே நிறைவேறிற்று. 2016இல் 'எம்' பிரேரணை 71 சதவிகிதத்தோடு வென்றிராவிட்டால், அந்தத் தோல்வியின் வடு இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

மூன்றில் இரு பங்கு விதியை ஆதரிப்போர் கூறும் நியாயம் அற்பமானதன்று. வரி என்பது பிறருடைய பொருளில் கைவைக்கும் காரியமாகையால், வெறும் பாதிக்கு மேல் ஒருவர் என்ற பலத்தைக் கொண்டு எஞ்சியவர்கள்மேல் அதைச் சுமத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த விதியைத் தந்த 13ஆம் பிரேரணையே மூன்றில் இரு பங்கு வாக்குப் பெறவில்லை. அதை இறுக்கிய 218ஆம் பிரேரணை 57ஐக்கூட எட்டவில்லை. சாதாரணப் பெரும்பான்மையால் நிறுவப்பட்ட ஒன்று, தனக்குப் பின் வருகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பெரும்பான்மை போதாது என்று கட்டளையிடுவது எந்தத் தர்மத்தில் சேரும்? ஒரு மறுப்பு வாக்குக்கு இரண்டு சம்மத வாக்குகளின் எடையைக் கொடுத்துவிட்டு, அதன் பின் மக்கள் தீர்ப்பைப் பற்றிப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி எல்லைக்கோட்டின் விஷயம். இதற்கு அட்லாண்டாவைப் போல வேறு உதாரணம் இல்லை. ஐந்து ஜில்லாக்களைச் சேர்த்து 'மார்ட்டா' என்னும் போக்குவரத்து ஸ்தாபனத்தை அமைக்க 1965இல் வாக்கெடுப்பு நடந்தபோது நான்கு ஜில்லாக்கள் சேர்ந்தன. காப் மட்டும் விலகி நின்றது. பணத்துக்காக 1968இல் நடந்த வாக்கெடுப்பு தோற்றதற்கு முக்கிய காரணம், திட்டத்தை வரைந்தவர்கள் பஸ்ஸையே நம்பி வாழ்ந்த கறுப்பின மக்களைக் கலந்து பேசாததுதான். அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1971இல் மறுபடியும் ஒரு சென்ட் வரி கேட்டபோது, 40 சென்டாக இருந்த பஸ் கட்டணத்தை 15 சென்டாகக் குறைப்பதாக வாக்குறுதி அளிக்கப்பட்டது. ஃபுல்டன் ஜில்லாவில் சில நூறு வாக்குகள் வித்தியாசத்திலும், டிகால்பிலும், பிரேரணை நிறைவேறிற்று. 1972 மார்ச்சில் சொன்னபடியே கட்டணமும் குறைந்தது. கிளேட்டனும் க்வின்னெட்டும் மறுத்தன. நகரத்தை விட்டு வெளியேறிப் புறநகர்களில் குடியேறிய வெள்ளையர் பலர், பஸ் வந்தால் அதில் ஏறிக் கறுப்பின மக்களும் வந்து சேர்வார்கள் என்று அஞ்சியது அந்த மறுப்பின் பின்னால் நின்ற பெரிய காரணங்களில் ஒன்று. அவர்களுடைய வேலையும் வியாபாரமும் நகரத்தில் இருந்தன. சாலையும் அவர்களை நகரத்துக்கே இட்டுச் சென்றது. வாக்கை எண்ணும்போது மட்டும் அவர்கள் வேறு ஊரார் ஆனார்கள்.

கிளேட்டன் ஜில்லாவுக்கு நேர்ந்ததைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். உலகத்திலேயே மிகுந்த ஜன நடமாட்டமுள்ள அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும்பகுதி அந்த ஜில்லாவின் நிலத்தில்தான் இருக்கிறது. மூட்டை ஏற்றுவோர், துப்புரவு செய்வோர், உணவு பரிமாறுவோர் என்று எத்தனையோ பேர் அங்கே ஊழியம் செய்து பிழைக்கிறார்கள். ஜில்லா தானாக 2001இல் தொடங்கிய சிறிய பஸ் சேவையை, வரவுசெலவு நெருக்கடியைக் காரணம் காட்டி 2010 மார்ச் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குள் மறுத்த தலைமுறை போய், ஜில்லாவில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராகியிருந்தனர். ஆனால் 1971இல் வேறு சிலர் இட்ட 'இல்லை' என்னும் குறி அவர்களை அப்போதும் ஆண்டுகொண்டிருந்தது. கார் இல்லாதவர் அதிகாலை வேலைக்கு அண்டை வீட்டாரின் தயவை நாட வேண்டியிருந்த அந்த நிலை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீடித்தது. 2014 நவம்பரில் மீண்டும் அந்த ஒரு சென்ட் கேட்கப்பட்டபோது ஏறத்தாழ நால்வரில் மூவர் சம்மதித்தார்கள். 2015 மார்ச்சில் பஸ்கள் திரும்ப ஓடின. தன் கைப்பொருளிலிருந்து கொடுக்க அவ்வளவு ஆவலோடு முன்வந்த ஒரு ஜனத்தொகுதி செல்வத்தில் மிகுந்ததன்று என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. க்வின்னெட்டோ 1990இலும் மறுத்தது, வேறு தேர்தல் ஏதுமின்றித் தனியாக நடத்திய 2019 மார்ச் வாக்கெடுப்பிலும் மறுத்தது, 2020இல் ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளில் வாய்ப்பை இழந்தது, 2024இலும் தோல்வியே.

கேட்கப்படும் வரியின் தன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனை வரி ஏழையின் வருமானத்திலிருந்து எடுக்கும் பங்கு செல்வரிடமிருந்து எடுப்பதைவிடப் பெரிது. ஆகவே அந்தப் பணம் ஏழைகள் ஏறும் பஸ்ஸுக்குத் திரும்பி வந்தால்தான் அதில் நியாயம் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஏ' பிரேரணையின் பலனாக 1982 முதல் மூன்று ஆண்டுகள் பஸ் கட்டணம் 50 சென்டாகக் குறைந்தபோது பிரயாணிகள் தொகை மளமளவென்று உயர்ந்தது; 1985இல் சலுகை முடிந்து பணம் ரயில் கட்டுமானத்தின் பக்கம் திரும்பியதும் அது இறங்கிற்று. பஸ் பிரயாணிகளின் சங்கம் 1994இல் நீதிமன்றம் சென்று, 1996இல் பஸ்களில் நெரிசலைக் குறைக்கவும் கட்டணத்தைக் கட்டுப்படுத்தவும் பத்து ஆண்டுகளுக்கு ஓர் உடன்பாட்டைப் பெற வேண்டியதாயிற்று. இங்கே வாக்கெடுப்பு முறையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. புதிய ரயில் பாதையின் வரைபடம் பிரசாரத்துக்கு அழகாக இருக்கும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாக வரும் பஸ்ஸைப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஆக்குவதை வரைபடத்தில் காட்ட முடியாது. பிறர் ரயிலில் ஏறினால் தன் காருக்குச் சாலையில் இடம் கிடைக்கும் என்று எண்ணி வாக்களிப்போரும் அங்கே கணிசமாக உண்டு. 'எம்' பிரேரணை அத்தனை பெரிய ஆதரவோடு வென்ற பின்னும் சில ஆண்டுகள் பிரயாணிகள் தொகை குறைந்துகொண்டே வந்ததை வேறெப்படி விளக்குவது?

எனினும், எதைக் கேட்கிறோம் என்பதைத் திருத்திக்கொண்டால் ஜனங்கள் செவிசாய்க்கிறார்கள் என்பதற்கு நாஷ்வில் சாட்சி. 2018 மே மாதத்தில் இலகு ரயிலும் நகரின் மையத்துக்கு அடியில் சுரங்கமும் கொண்ட 540 கோடி டாலர் திட்டத்தை அந்நகரத்தார் 64 சதவிகித வாக்குகளால் நிராகரித்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில், சுரங்கம் இல்லை, ரயில் இல்லை. பஸ்கள் இரவும் பகலும் ஓடும், பஸ் நிறுத்தத்துக்கு நடந்து செல்ல 86 மைல் நடைபாதை போடப்படும், சுமார் 600 சிக்னல்கள் புதுப்பிக்கப்படும் என்று சொல்லி அரை சென்ட் கேட்டார்கள். ஏறக்குறைய அதே விகிதத்தில் சம்மதம் கிடைத்தது. பஸ்ஸில் ஏறுமுன் மனிதன் நடக்கிறான் என்பதையும், ராத்திரி வேலை முடிந்து திரும்புகிறவனுக்கும் வீடு இருக்கிறது என்பதையும் திட்டம் வகுத்தவர்கள் இம்முறை மறவாமல் இருந்தார்கள்.

கலிபோர்னியா 2025இல் இயற்றிய ஒரு சட்டம், வளைகுடாப் பகுதியின் ஐந்து ஜில்லாக்களை ஒரே வட்டாரமாகக் கொண்டு, 2026 நவம்பரில் போக்குவரத்துக்காக விற்பனை வரி கேட்க இடம் கொடுக்கிறது. பிரஜைகள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் பிரேரணையாக அது அமையுமானால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். கேட்கப்படும் பணத்தின் நோக்கம் புதிய பாதை அன்று. பெருந்தொற்றுக்குப் பின் பிரயாணிகளையும் கட்டண வருமானத்தையும் இழந்து தவிக்கும் ரயில்களும் பஸ்களும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதே. அந்த ஐந்தில், 1961இல் விலகிச் சென்ற சான் மட்டேயோவும் ஒன்று. சேர்த்து எண்ணும் எல்லை, பாதிக்கு மேல் என்னும் அளவு, ஓட்டுவதற்கென்று கேட்கும் பணம் ஆகிய மூன்றும் ஒரே பிரேரணையில் கூடி வருவது அபூர்வம். மற்ற மாகாணங்களின் சட்டசபைகள் தங்கள் நகரங்களுக்கும் இத்தகைய வினாவை இதே முறையில் கேட்க இப்போதே அனுமதி வழங்க வேண்டும்.