ஐபோன் விலைக்குப் பாய்மரப் படகு... வாங்கலாமா? முதலில் இன்ஜின் மூடியைத் திறங்க!

"மச்சி, ஐபோன் விலைக்குப் படகு! வாங்கிடவா?"

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனிடமிருந்து இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப். கூடவே ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். 26 அடி நீளம், உள்ளே கேபின், குட்டி சமையலறை, கழிப்பறை, ஆறு பேர் படுக்க இடம். விலை 1,200 பவுண்டு. கடைசி வரியில் மட்டும் சின்னதாக, 'இன்ஜின் போன சீசனில் ஓடியது'.

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனால் நண்பன் காசு போடப் போகிறானே என்று இரண்டு வாரம் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான்: மலிவு விலைப் பழைய படகில் நீங்கள் உண்மையில் வாங்குவது இன்ஜினைத்தான். படகு அதோடு இலவசமாக வருகிறது.

அது என்ன படகு?

வெஸ்டர்லி சென்டார். போர்ட்ஸ்மவுத் பக்கத்தில் உள்ள வாட்டர்லூவில்லில் 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் படகு. லாரன்ட் கைல்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. எடை சுமார் 3 டன். அடியில் ஒரு கீலுக்குப் பதில் இரண்டு கீல்கள். அதனால் கடல் வற்றும்போது சேற்றில் சாயாமல், இரண்டு கால் ஊன்றி நிற்கும். விலை குறைந்த, தண்ணீர் வற்றும் இடங்களிலும் நிறுத்தலாம். நம்ம ஊரில் ஒரு காலத்தில் அம்பாசடர் எப்படியோ, அங்கே குடும்பங்களுக்கு இது அப்படி. அழகில்லை, வேகமில்லை, ஆனால் பத்திரம்.

சரி, ஏன் இவ்வளவு மலிவு?

பழைய காரை எடைக்குப் போட்டால் நாலு காசு கிடைக்கும். ஃபைபர்கிளாஸ் படகை எடைக்கு வாங்க ஆளில்லை. உடைத்து அப்புறப்படுத்த உரிமையாளர்தான் பணம் கொடுக்க வேண்டும். அதுவரை நிறுத்துமிட வாடகையும் காப்பீடும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 1 பவுண்டுக்குக்கூடப் படகு விற்பனைக்கு வருகிறது. விற்பவர் தன் பொருளை மட்டும் உங்களிடம் தள்ளவில்லை, அதோடு மாதாந்திர பில்லையும் தள்ளுகிறார். இது புரியாமல் "சீப்பா கிடைச்சிடுச்சு" என்று குதிப்பதில் அர்த்தமே இல்லை.

பாய்மரப் படகுக்கு எதுக்கு இன்ஜின்?

நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். காற்று இருக்கே! ஆனால் நண்பன் ஓட்டப்போவது சோலன்ட் எனும் நீர்ப்பரப்பில். இங்கிலாந்துக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் நடுவே உள்ள ஜலசந்தி அது. அதன் மேற்கு வாயில், ஹர்ஸ்ட் கோட்டை அருகே வழி குறுகுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அங்கே நீரோட்டம் 4 நாட் வேகத்தைத் தாண்டும். நம் சென்டாரின் நீர்மட்ட நீளம் 21 அடி சொச்சம். இந்த அளவுப் படகு எவ்வளவு பெரிய இன்ஜின் போட்டாலும் 6 நாட் சுமாருக்கு மேல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது. இன்ஜினில் 5 நாட் போனால் எதிர்நீரோட்டத்தில் நிகர வேகம் 1 நாட்தான், கிட்டத்தட்ட குழந்தை தவழும் வேகம். 3 நாட் மட்டுமே தரும் இன்ஜின் என்றால்? முகம் முன்னால் இருக்கும், படகு பின்னால் போகும். காற்று நின்ற மாலையில், பெரிய கன்டெய்னர் கப்பல்கள் போகும் வழியில் இது விளையாட்டு இல்லை.

நீரோட்ட நேரத்தைக் கணித்துக் கிளம்புபவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் திங்கள் காலை 9 மணிக்கு ஆபீஸ் மீட்டிங் உள்ளவர்கள் கடலின் டைம்டேபிளுக்குக் காத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கை வைத்துப் பாருங்க

சென்டாரில் பெரும்பாலும் வருவது வோல்வோ பென்டாவின் பழைய இரண்டு சிலிண்டர் டீசல். 23-25 எச்பி. கடல்நீரையே நேரடியாக உள்ளே சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வகை. 40, 50 வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய இரும்புக் குழிகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் படகு இன்ஜின்கள் ஓடி ஓடிக் கெடுவதைவிட, சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். "ரொம்பக் கம்மியாதான் ஓடியிருக்கு" என்பது பைக் சந்தையில் நல்ல செய்தி. இங்கே அது எச்சரிக்கை.

பார்க்கப் போகும்போது முதல் வேலை, விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டித் தயார் செய்திருக்கிறார். குளிர்ந்த இன்ஜின் தானாகக் கிளம்புகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி, எனவே அந்த டெஸ்ட் அங்கேயே முடிந்தது. அடுத்து ஆயில் அளவுக் கம்பியை உருவுங்கள். மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் சுமை தாங்கவில்லை அல்லது காற்று போதவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளை சகஜம், நிற்காமல் வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். புகைக்குழாயில் தண்ணீரும் சேர்ந்து துப்ப வேண்டும். துப்பவில்லையா, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாக, படகைக் கயிறால் இறுக்கிக் கட்டி, கியர் போட்டு, 20 நிமிடமாவது சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள். நியூட்ரலில் எல்லா இன்ஜினும் சமர்த்துப் பிள்ளைதான்.

இன்ஜின் செத்திருந்தா?

நான்கு வழி இருக்கிறது. பழையதைப் பிரித்துச் சரிசெய்வது கேட்க மலிவு. ஆனால் உதிரி பாகங்கள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறும். உப்பு அரித்த இரும்பை ரிங் மாற்றிச் சரிசெய்ய முடியாது. நீங்களே மெக்கானிக்காக இல்லாவிட்டால் இதை விட்டுவிடலாம்.

பின்னால் அவுட்போர்டு மாட்டலாமா? நம் மீனவர்களின் ஃபைபர் படகுகளில் பார்த்திருப்பீர்களே, அதே 9.9 எச்பி மோட்டார். விலை குறைவு, கழற்றிக் கையோடு எடுத்துப்போய் சர்வீஸ் செய்யலாம். சிக்கல் அலையில்தான். கனமான பாய்மரப் படகு மூக்கைக் குத்தும்போது பின்பக்கம் எழும்பும், ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றைக் கடையும். எப்போது தள்ளும் விசை அதிகம் தேவையோ, சரியாக அப்போதுதான் அது கைவிடும். பெட்ரோல் வேறு. அதன் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடியில் தேங்கும். ஒரு பொறி போதும்.

எலெக்ட்ரிக் பற்றி எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. சத்தமில்லை, புகையில்லை. கணக்குப் போட்டதும் ஆசை அடங்கியது. 48 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 9.6 கிலோவாட்-அவர். 3 டன் படகை 5 நாட்டில் தள்ள 4 கிலோவாட்டுக்கும் மேல் வேண்டியிருக்கும். ஆக, இரண்டு மணி நேரம் சுமார், 10 கடல் மைல். அதே வேகத்தில் 40 லிட்டர் டீசல் 20 மணி நேரம் தாராளமாக ஓடும். 3 நாட்டில் மெதுவாகப் போனால் பேட்டரி பல மணி நேரம் தாங்கும், ஆனால் ஹர்ஸ்ட் கோட்டையை மறந்துவிடாதீர்கள். ஏரியில், நார்ஃபோக் பக்கத்து அமைதியான ஆறுகளில் எலெக்ட்ரிக் சூப்பர். சோலன்ட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் புது டீசல். 3 டன்னுக்கு 14 முதல் 20 எச்பி போதும், பழைய 25 தேவையே இல்லை. இங்கிலாந்தின் பீட்டா மரைன் தரும் இன்ஜின்களின் அடிப்படை குபோட்டா. ஆமாம், நம்ம டெல்டா வயல்களில் டிராக்டர், அறுவடை இயந்திரம் என்று பார்க்கும் அதே ஜப்பானிய குபோட்டாதான்! நன்னீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வகை, எனவே உப்பு உள்ளே போகாது. எல்லாம் சரி, விலை? பொருத்தும் கூலி, புது ப்ரொப்பெல்லர், தாங்குகட்டை மாற்றம் எல்லாம் சேர்த்தால் அந்த 1,200 பவுண்டைப் போலப் பல மடங்கு. அவ்வளவும் போட்டபின் படகை விற்றால் போட்ட காசு திரும்பாது.

இங்கேதான் என் வாதம். புது இன்ஜினுக்குப் போட்ட பணம் திரும்பாது என்றால், அந்த நஷ்டம் வேறொருவருடையதாக இருக்கட்டும். பத்து வருடத்துக்குள் புது டீசல் மாற்றி, ரசீதும் வைத்திருக்கும் ஒருவரிடம் நாலு மடங்கு விலை கொடுத்து வாங்குங்கள். மொத்தக் கணக்கில் அதுதான் மலிவு. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. குளிர்ந்த நிலையில் ஒரே முயற்சியில் கிளம்பும் பழைய இன்ஜின் இருந்து, அது என்றாவது சாகும் என்ற தெளிவோடு காசும் ஒதுக்கி வைத்திருந்தால் 1,200 பவுண்டுப் படகும் ஓகே.

இன்ஜின் நன்றாக இருந்தாலும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி சர்வேயரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வயதான படகுக்கு சர்வே அறிக்கை இல்லாமல் காப்பீடு தருவதற்கு பல நிறுவனங்கள் யோசிக்கும். சென்டாரில் குறிப்பாக, விரிந்து நிற்கும் இரட்டைக் கீல்கள் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். உள்பக்கம் வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நண்பன் விற்பவருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினான்: "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ப்ளீஸ்." இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், "ஸ்டார்ட்டர் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருக்கிறது" என்று வந்தது.

இப்போது அவன் கண் வேறொரு சென்டார் மேல். 5,000 பவுண்டு, இன்ஜின் மாற்றி ஏழு வருடம், ரசீது இருக்கிறது. வரும் சனிக்கிழமை பார்க்கப் போகிறான்.