சிப்புக்கு நிதி உண்டு, பிணைப்புக்கு?

நார்த்தாமலையின் மேலமலையில் நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தில், துவாரபாலகருக்குக் கீழே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையில் பழுதாக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்று அது சொல்கிறது. எடுத்தவன் பெயரும் புதுக்கியவன் பெயரும் ஒரே கல்லில் இருக்கின்றன. நம் காலத்துச் சிப் செய்திகளில் முதல் பெயர் மட்டுமே வருகிறது. இரண்டாமவருக்குப் பட்ஜெட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ சிப்புகளை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் மேல் எழுந்தவை இவை. 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் ஒன்று தயாராகி லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அதே ஆண்டு இன்னொன்று 180 நானோமீட்டர் அளவில் உள்நாட்டிலேயே, சண்டிகர் ஆலையில் தயாரானது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ‘ஐரிஸ்’ வந்தது. பெருமைப்பட வேண்டியவைதான், சந்தேகமில்லை. பணமும் வருகிறது: ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் அறிவித்த செமிகண்டக்டர் திட்டம் 76,000 கோடி ரூபாய், 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அறிவித்தது 500 கோடி.

ஆனால் சிப் லினக்ஸை ஓட்டிவிட்டால் மட்டும் அதில் வேலை நடந்துவிடாது.

நார்த்தாமலைக் கல்வெட்டின் புகைப்படத்தில் மங்கிய எழுத்துகளைத் தெளிவாக்க ஒரு மாணவி பைத்தானில் நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கணக்குப் போடுவது பைத்தான் அல்ல. படத்தைப் பிரித்து ஆராயும் ‘ஓப்பன்சிவி’ சி++ மொழியில் இருக்கிறது. அவளே வேகத்துக்காகச் சேர்த்த ஒரு சிறு துண்டு சி மொழியில் இருக்கும். ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியிலிருந்து கூப்பிட நடுவில் ஒரு பிணைப்பு லைப்ரரி வேண்டும். அது சரியாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அதன் முன்பகுதி மொழியைப் படிக்கிறது. பின்பகுதி, அதாவது பேக்எண்ட், குறிப்பிட்ட சிப்புக்கான கட்டளைகளை எழுதுகிறது. புதிய சிப்புக்குப் புதிய பேக்எண்ட் வந்தால், சாதாரண சி நிரலை மறுபடி கம்பைல் செய்தால் பெரும்பாலும் போதும். ஓடும் நேரத்தில் இணைக்கும் பிணைப்பு லைப்ரரிக்கு அது போதாது. ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகள் சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் எதில் போய் உட்கார வேண்டும் என்ற ஒப்பந்தம் சிப்புக்குச் சிப், இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. 64-பிட் இன்டெல் வகைச் சிப்பில் முழு எண்களுக்கு லினக்ஸ் ஆறு ரெஜிஸ்டர்களைத் தருகிறது, விண்டோஸ் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது, ரிஸ்க்-ஃபைவில் எட்டு. ஓடும் நேரத்தில் இந்த ஒப்பந்தத்தைப் பார்த்து மதிப்புகளை அடுக்கும் வேலையைச் செய்வது ‘லிப்எஃப்எஃப்ஐ’. ஆன்டனி கிரீன் 1996-ல் தொடங்கியது. 2006-ல் பைத்தானோடு சேர்ந்த ‘சிடைப்ஸ்’ இதன் தோளில்தான் நிற்கிறது. லிப்எஃப்எஃப்ஐயின் மூலநிரலில் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனிக் கோப்புறை உண்டு. அதில் ஒரு பகுதி கையால் எழுதிய அசெம்பிளி.

இதில் வரும் பிழைகள் பொல்லாதவை. எத்தனை மதிப்பு வரும் என்று முன்கூட்டித் தெரியாத ‘பிரின்ட்எஃப்’ போன்ற ஃபங்ஷனைப் பாருங்கள். அதற்கு 3.14 என்ற தசம எண்ணை அனுப்பினால், தசம எண்களுக்கான ரெஜிஸ்டர் இருக்கும்போதும், ரிஸ்க்-ஃபைவின் வழக்கமான லினக்ஸ் ஒப்பந்தப்படி அது முழு எண் ரெஜிஸ்டரில்தான் போக வேண்டும். பிணைப்பு லைப்ரரியிடம் இதைச் சொல்லாமல் சாதாரண ஃபங்ஷன் போலக் கூப்பிட்டால், எண் ஓரிடத்துக்குப் போகும், அச்சடிப்பவர் வேறிடத்தில் தேடுவார். நிரல் நின்றுபோகாது, எச்சரிக்கையும் வராது. அங்கே ஏற்கெனவே என்ன கிடந்ததோ அது அச்சாகும். இன்டெல் வகைச் சிப்பில் இதே தவறு எந்தத் தொந்தரவும் தராமல் ஓடிவிடும் என்பதால், எழுதியவருக்குத் தாம் தவறு செய்ததே தெரிந்திருக்காது. குறியில்லாத 32-பிட் எண்ணைக்கூட ரிஸ்க்-ஃபைவ் 64-பிட் ரெஜிஸ்டரில் குறியுள்ள எண்ணைப் போலவே நீட்டி வைக்கச் சொல்கிறது. 4294967295 அங்கே மைனஸ் ஒன்றின் உருவில் இருக்கும். கேட்டால் விசித்திரம், ஆனால் விதி அதுதான்.

ஆண்டுகளை வரிசையாக வைத்தால் இடைவெளி புரியும். ஜிசிசி கம்பைலர் 2017-ல் ரிஸ்க்-ஃபைவை ஏற்றது. லினக்ஸ் கெர்னல் 2018 ஜனவரியில். இன்னொரு கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம் தன் ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டைச் சோதனை நிலையிலிருந்து விடுவித்தது 2019 செப்டம்பரில். லிப்எஃப்எஃப்ஐயின் முறையான வெளியீட்டில் ரிஸ்க்-ஃபைவ் இடம்பெற்றது அதே ஆண்டு நவம்பரில், சக்தி லினக்ஸை ஓட்டிக்காட்டி ஓராண்டுக்கும் மேல் கழித்து. வேகமான பைத்தானான ‘பைபை’ 2024 வரை காத்திருந்தது. டெபியன் லினக்ஸ் ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2025 ஆகஸ்டில்தான்.

‘வெளிநாட்டவர்தான் எழுதித் தருகிறார்களே, நாம் ஏன் செலவழிக்க வேண்டும்’ என்பவர்கள் இருக்கிறார்கள். பாதி நியாயம். திறந்த நிரலை எடுத்துப் பயன்படுத்துவதில் வெட்கமில்லை. ஆனால் நமக்கு அவசரமான லைப்ரரி அவர்களுக்கு அவசரமாக இருக்காது. தசம எண் அலகே இல்லாத சிறு சிப்புக்கு ஒப்பந்தம் மறுபடியும் மாறுகிறது. அதை யார் சோதிப்பது?

இன்னொரு வாதத்துக்கு வலு அதிகம். ஓடும் நேரத்தில் அடுக்கும் முறையையே குறைத்துக்கொண்டு, பிணைப்பை முன்கூட்டியே சி அல்லது சி++ நிரலாக எழுதிக் கம்பைலரிடம் கொடுத்துவிடலாம். ஓப்பன்சிவியின் பைத்தான் பிணைப்பு அப்படித்தான் இயந்திரத்தால் உருவாகிறது. பைத்தான் போன்ற நிரலைச் சி நிரலாக மாற்றும் ‘சைத்தான்’ (Cython) கருவியும் அதே வழி. ஒப்பந்தம் கம்பைலருக்குத் தெரியும், ஆகவே புதிய பேக்எண்டுக்கு மாறுவது ஏறக்குறைய மறு கம்பைல் மட்டுமே. புதிதாக எழுதுபவர்கள் இந்த வழியைப் பிடிப்பது நல்லது. பழையவற்றையோ ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்குச் சிப் ஆலை வேண்டாம், சிப்பே வேண்டாம். ‘கியூஇமு’ என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண லேப்டாப்பில் ரிஸ்க்-ஃபைவ் கணினியைப் போலி செய்து காட்டும். புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ இருக்கும் பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டுத் திட்டம் என்ற பெயரில் எத்தனையாவது முறையாகவோ எழுதப்படும் வருகைப்பதிவுச் செயலிக்குப் பதில், ஒரு லைப்ரரியின் சோதனைத் தொகுப்பைக் கியூஇமுவில் ஓட்டி, விழுந்த ஒரு சோதனையைச் சரிசெய்தால் மதிப்பெண் தரலாம். ஆனால் மாணவர் உழைப்பை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது. மாணவர் படிப்பு முடித்துப் போய்விடுவார், லைப்ரரியோ ஆண்டுக்கணக்கில் பராமரிப்பு கேட்கும். மாநிலத்தின் 500 கோடியிலிருந்து முழுநேரப் பராமரிப்பாளர்கள் சிலருக்குச் சம்பளம் ஒதுக்குவது பெரிய தொகையல்ல. ஒவ்வொரு புதிய சிப் அறிவிப்போடும், எந்தெந்த லைப்ரரிகள் அதில் சோதனையில் தேறின, எவை தேறவில்லை, தேறாதவற்றை யார் கையில் எடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அரசு கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.