முன்னால் போகும் யெட்டி

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆறு என்றால் ஒரு கம்பை ஊன்றிப் பார்த்துவிடலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் பனி என்றால் என்ன செய்வது?

அண்டார்டிகாவின் கரையோரம் இருக்கிறது மெக்மர்டோ என்ற அமெரிக்க ஆய்வு நிலையம். அங்கிருந்து தென்துருவத்தில் உள்ள நிலையத்துக்கு எரிபொருளை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் வரிசையாகக் கிளம்பும். சுமார் 1,600 கிலோமீட்டர் பயணம். வழியில் பெரிய ஆபத்து, பனிப்பிளவுகள். பனிப்படலம் மெல்ல நகரும்போது அதில் விரிசல் விழும். காற்று அள்ளிவரும் பனி அதன் வாயை மூடிவிடும். மேலே சமதரை போலத் தெரியும். கீழே பள்ளம் வாய் பிளந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, ஒரு வண்டியின் முன்னால் நீளமான கம்பத்தில் ரேடாரைப் பொருத்தி மெதுவாக ஓட்டிப் போவார்கள். உள்ளே ஒருவர் மணிக்கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிளவு தெரிந்தால், வண்டியை நிறுத்தக் கிடைப்பது சில நொடிகள்தான். கொஞ்சம் கண்ணயர்ந்தால்?

இந்த வேலைக்காக வந்த ரோபோதான் யெட்டி. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியும் ராணுவத்தின் குளிர்பிரதேச ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கியவை. நான்கு சக்கரம், பேட்டரி, சுமார் 81 கிலோ எடை. போகவேண்டிய வழியைச் சொல்லிவிட்டால், ஜி.பி.எஸ். துணையோடு தானே போகும். பனிக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடாரைப் பின்னால் இழுத்துச் செல்லும். எடை குறைவு என்பதால், டிராக்டரை விழுங்கிவிடும் பனிமூடிகூட யெட்டியைத் தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி. பிளவுகளின் மேல் யெட்டியை நூற்றுக்கணக்கான தடவை ஓட்டினார்கள். ரேடாரில் பிளவு எப்படித் தெரியும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க அந்தப் பதிவுகள் தேவை. ஒரு மனிதரை அத்தனை தடவை அதன் மேல் போய்வரச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

1975-ல் கைவிடப்பட்ட பழைய தென்துருவ நிலையம் பனிக்குள் புதைந்து கிடந்தது. அதன் மேல் போகும் வண்டிகளுக்கு அதுவும் ஒரு பொறியாகத்தான் இருந்தது. உள்ளே எங்கெங்கே கட்டடங்கள் இருந்தன என்று தேடிப் பார்த்ததும் யெட்டிதான்.

இயந்திரம் நம் வேலையைப் பறித்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால், பறித்துக்கொண்டால் 'நல்லது, எடுத்துக்கொள்' என்று சொல்லத் தோன்றும் வேலைகளும் உண்டு. யெட்டி பள்ளத்தில் விழுந்தால் இன்னொரு யெட்டி செய்துகொள்ளலாம். டிராக்டரில் இருப்பவர் வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா?