பேனாவுக்கு ஜெபித்தோம், பிள்ளைக்கு என்ன செய்தோம்?



பொதுத் தேர்வுகளுக்கு முந்தின ஞாயிறன்று நம் ஆலயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுதவிருந்த பிள்ளைகள் ஆராதனையின் முடிவில் பீடத்தின் முன்பாக வரிசையாய் நின்றார்கள். கையில் ஹால் டிக்கெட்டும் பேனாவும் இருந்தன. ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தேன். நீங்களும் கண்ணீரோடு ஆமென் சொன்னீர்கள். இனி ஜூன் மாதம் வரும். அதிக மதிப்பெண் பெற்ற மூவருக்குப் பரிசு கொடுப்போம், சால்வை போர்த்துவோம், படம் எடுத்துக்கொள்வோம். இந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் இடையில்தான் பிள்ளைகள் எந்தக் குரூப், எந்தக் கல்லூரி, எந்தத் தொழில் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த நாட்களில் சபையாகிய நாம் எங்கே இருக்கிறோம்?

ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஜெபித்த கையோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிற நம் வழக்கத்தையே கண்டிக்கிறேன். வஸ்திரமில்லாமலும் ஆகாரமில்லாமலும் நிற்கிறவனிடம் நல்ல வார்த்தை சொல்லி, ஒன்றும் கொடாமல் அனுப்பிவிடுவதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகச் சாடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். வழி தெரியாமல் நிற்கிற பிள்ளையிடம் "கர்த்தர் வழிநடத்துவார், போய் வா" என்று சொல்லி அனுப்புவதும் அதே குற்றந்தான்.

இந்தக் குற்றத்தை நானே செய்திருக்கிறேன். ஆகையால் முதலில் என்னைக் குறித்துச் சொல்லிவிடுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, பிளஸ் டூ முடித்த ஒரு பையன் தன் தாயோடு குருமனைக்கு வந்தான். தாய் பீடி சுற்றுகிறவர். தகப்பன் கேரளத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். ஆலயத்தின் ஒலிபெருக்கி பழுதானால் அந்தப் பையன்தான் கழற்றிச் சரிசெய்வான். கணிதத்தில் மட்டும் அவன் மதிப்பெண் குறைவு. அந்த வாரம் ஓர் ஏஜெண்ட் அவர்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். "ஐயா, சேரலாமா?" என்று தாய் கேட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழங்காலிட்டு ஜெபித்து, ஆசீர்வதித்து அனுப்பினேன்.

அவனுக்குக் கிடைத்தது நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தருகிற கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்கே உரியது. ஏஜெண்ட் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த நாளிலேயே அவன் அதை இழந்துவிட்டான். முதலாம் ஆண்டிலேயே கணிதத்தில் அரியர் விழுந்தது. தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பு நின்றது. கட்டணப் பாக்கியைத் தீர்க்கும்வரை அவனுடைய அசல் சான்றிதழ்களைக் கல்லூரி திருப்பித் தரவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் அவனைச் சந்தித்தேன். திருப்பூரில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னான். பேச்சினூடே, "அன்னைக்கு ஐயா ஜெபம் பண்ணித்தான அனுப்புனீங்க" என்றான். அதில் குற்றச்சாட்டின் தொனியே இல்லை. அதனால்தான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவன் வந்து கேட்ட அதே வாரத்தில், என் ஆலயத்தின் மூன்றாம் வரிசையில் பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டு பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். மின்னணுப் பிரிவில் டிப்ளமோ சேரலாம், பிளஸ் டூ முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், நன்றாகத் தேறினால் பின்பு பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம் என்று அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த இருவரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க எனக்குத் தோன்றவில்லை. இருவருக்கும் நான் தனித்தனியே நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் சபையில் செவிலியர் இருக்கிறீர்கள். வங்கியிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் பணி செய்கிறவர்கள், கணக்கர்கள், வழக்கறிஞர்கள், லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், தையலகம் நடத்துகிறவர்கள், பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். பின்வரிசையில் ஒரு பதினாறு வயதுப் பெண் நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசையோடு வணிகவியல் குரூப்பில் சேரப் போகிறாள். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படிக்காமல் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அவளுக்கு நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் நம் வட்டாரத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பையும் தொழிலையும் குறித்து வழிகாட்டுவோம் என்று சேகரக் கமிட்டியில் நான் சொன்னபோது எழுந்த ஆட்சேபங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"இது சபையின் வேலையா?" என்றார் ஒருவர். நம் முன்னோரைக் கேளுங்கள். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-ல் தொழிற்பள்ளியைத் தொடங்கினாரே, அது சபையின் வேலை இல்லையா? பெண்கள் மருத்துவராக முடியுமா என்று பலர் ஐயுற்ற நாளில், 1918-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தாரே, அது யாருடைய வேலை? அன்று யாரோ ஒருவர் நம் பாட்டனின் கையைப் பிடித்து ஒரு தொழிலுக்குள் நடத்தியிருக்கிறார். அதனால்தான் நம்மில் பலர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். நாம் ஏறி வந்த ஏணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அது சபையின் வேலையா என்று கேட்பது தகுமா?

"அரசாங்கமே இதையெல்லாம் செய்கிறதே" என்றார் இன்னொருவர். செய்கிறது, அதற்காக நன்றி சொல்வோம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பள்ளிகளுக்குள் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டம் உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அரசு உதவி பெறும் மிஷன் பள்ளிகளில் படிக்கிறவர்கள். அந்த 7.5 விழுக்காடு அவர்களுக்குக் கிடையாது. புதுமைப் பெண் திட்டமோ, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. எந்தச் சலுகை எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று அருகே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டாமா? திட்டத்தை அரசு போடலாம். பக்கத்தில் உட்காருவதை நாம்தான் செய்ய வேண்டும்.

"எனக்கு இந்தக் காலத்துப் படிப்புகள் தெரியாது" என்றார் ஒரு மூத்த சகோதரர். எல்லாம் தெரிந்தவரை நான் தேடவில்லை. உங்கள் தொழிலை உண்மையாய்ச் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும், முதல் சம்பளம் எவ்வளவு, உடம்பு எங்கே வலிக்கும், எதில் மகிழ்ச்சி உண்டு, எதில் அவமானம் உண்டு என்று சொல்லுங்கள். எந்த விளம்பரத் தாளிலும் இது இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களிடமாய்ச் சேர்த்துக்கொண்டு, அவன் அறியாததை விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அவர்கள் கூடாரம் செய்யும் தொழிலாளிகள்.

"நேரமில்லை" என்றவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கைப்பேசி எத்தனை மணி நேரம் விழித்திருந்தது என்று அதுவே கணக்குச் சொல்லும்.

வாய்திறந்து சொல்லாத ஆட்சேபம் ஒன்றும் உண்டு. நல்ல பயிற்சி வகுப்பு எது, உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது என்பதை நம் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். அவனும் வந்துவிட்டால் நம் பிள்ளையின் இடம் போய்விடும் என்ற பயம். பிரியமானவர்களே, ஐந்து அப்பத்தைப் பகிர்ந்த கதையைப் பிரசங்கத்தில் கேட்டுக் கண்கலங்குகிற நாம், ஒரு தேதியைப் பகிர மனமில்லாதிருக்கிறோம். இதற்கு வேதத்தில் உள்ள பெயர் பொருளாசை.

முன்வருகிறவர்களுக்கும் சில வார்த்தைகள் உண்டு. "நான் உன் வயதில்..." என்று தொடங்கி ஒரு மணி நேரத்தையும் உங்கள் வாழ்க்கை வரலாற்றால் நிரப்பாதீர்கள். முதலில் பிள்ளையைப் பேசவிடுங்கள். டாக்டர், இன்ஜினியர் என்ற இரண்டு கதவுகளைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்போல் நடக்காதீர்கள். ஐ.டி.ஐ.யில் பற்றவைப்புத் தொழில் கற்றவனும், வீட்டில் உட்கார்ந்து தையல் கற்றவளும் சால்வைக்கு உரியவர்களே. பெற்றோரின் வருமானத்தையும் கடனையும் கேட்டறியாமல் எந்தக் கல்லூரியையும் சொல்லாதீர்கள். முடிவைப் பிள்ளையும் பெற்றோரும் எடுக்கட்டும். தனியறையில் ஒரு பிள்ளையோடு ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. பாரிஷ் மண்டபத்தில், கதவு திறந்திருக்க, பெரியவர் இருவர் இருக்க, பெற்றோர் சம்மதத்தோடுதான் இது நடக்கும்.

இது ஆள் சேர்க்கும் வலையும் அல்ல. நம் தெருவிலுள்ள எந்தப் பிள்ளையும் வரலாம். எந்த ஆலயத்துக்கு, எந்தக் கோவிலுக்கு, எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. துண்டுப் பிரதி கொடுக்கவும் கூடாது. பதிலுக்கு ஏதோ எதிர்பார்த்துச் செய்கிற உதவியை ஏழைகள் வெகு சீக்கிரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

பர்னபாவை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் எல்லாரும் சவுலுக்குப் பயந்தபோது, அவனை அழைத்துக்கொண்டு போய் அப்போஸ்தலரிடம் அவனுக்காகப் பேசினவர் அவர். பிற்பாடு தர்சுவுக்கே போய் அவனைத் தேடி அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தார். ஒருமுறை பாதியில் திரும்பிப்போன மாற்குவை இனி வேண்டாம் என்று பவுல் தள்ளியபோதும், அவனைக் கைவிடாமல் தன்னோடு அழைத்துப் போனவர் அவரே. பர்னபா எழுதியதாக ஒரு நிருபமும் நம் வேதாகமத்தில் இல்லை. ஆனால் அவர் கைப்பிடித்து நடத்தியவர்களின் எழுத்துகளை நாம் இன்றும் வாசிக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பாரிஷ் மண்டபம் திறந்திருக்கும். பன்னிரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆறு பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஆறு நாற்காலிகளைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன். அவை காலியாயிருந்தால், அடுத்த மார்ச்சில் பேனாவுக்கு ஜெபிக்கப் பிள்ளைகளைப் பீடத்தின் முன்பாக அழைக்க எனக்குத் துணிவு இராது.

ஜெபம்: பிதாவே, நாங்கள் ஜெபித்து அனுப்பிவிட்டு மறந்துபோன பிள்ளைகளுக்காக எங்களை மன்னியும். எங்கள் அறிவையும் எங்கள் சனிக்கிழமையையும் உம்முடைய கையில் வைக்கிறோம். வழி கேட்டு வருகிறவர்களை வெறுமையாய் அனுப்பாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.

உங்கள் ஊழியன்,
சேகர குரு